இருபத்தாறு செக்கன்

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அன்று முற்பகல் ஒரு மணி நேரத்துக்குள் கிழக்கிலங்கைக் கடலில் இரண்டு குண்டுவீச்சுகள் நடந்தன. கொழும்பு றேஸ்கோர்ஸ் திடலிலிருந்து எழும்பி வந்த ஒன்பது பிரித்தானிய பிளென்ஹைம் விமானங்கள், அக்காகி என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலின் மேல் 11,000 அடி உயரத்திலிருந்து குண்டு போட்டன. கப்பலைச் சுற்றித் தண்ணீர் தூண் தூணாக எழும்பியது. ஒரு குண்டுகூடப் படவில்லை. அதே காலையில், மட்டக்களப்புக்கு நேரே ஓடிக்கொண்டிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கியின் மேல் ஜப்பானியரின் 'வால்' என்ற வகைக் குண்டுவீச்சு விமானங்கள் பாய்ந்தன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஹேர்மிஸ் கடலடிக்குப் போய்விட்டது. 307 பேர் இறந்தார்கள்.

அந்தக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கடல் மைல் தொலைவில், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் அன்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ஆகவே இது நமது கடலில் நடந்த சண்டை. பேர்ள் ஹாபரை அறிந்த நம் பிள்ளைகள் பலர், அதைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை நாலு மாதம் கழித்து நம் வாசலுக்கு வந்துபோனதை அறியாமல் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய மனக்குறை.

ஒரே காலை, ஒரே கடல், ஒரே வானிலை. ஒரு தரப்பின் குண்டுகள் எல்லாம் தண்ணீரில் போயின, மறுதரப்பின் குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலிலேயே பட்டன. ஏன்? பிளென்ஹைம் விமானிகளுக்குத் துணிவு குறைவு என்று சொல்ல முடியாது. காவல் போர்விமானங்கள் இல்லாமலே அவர்கள் ஐந்து விமானந்தாங்கிகள் கொண்ட படையின் நடுவுக்குப் போனார்கள். போன ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இருக்கவில்லை. தலைக்கு மேல் எதிரி வந்தது தெரிந்ததே குண்டுகள் விழுந்த பிறகுதான். அப்படியொரு வாய்ப்புக் கிடைத்தும் குறி தப்பியதற்குக் காரணம் நேரம். விமானத்தை விட்டு விலகிய குண்டு கடலைத் தொட எடுக்கும் அந்த நேரத்தை, புத்தகத்தை விட நன்றாகப் புரியவைக்கும் ஒரு சாதனம் இன்று நம் பிள்ளைகளின் மேசையிலேயே இருக்கிறது. அதுதான் போர்விமான சிமுலேட்டர்.

சிமுலேட்டர் புதுச் சரக்கல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929இல், தன் தகப்பனின் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டே தரையில் ஆடி அசையும் ஒரு விமானப் பெட்டியைச் செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் நேச நாட்டு விமானிகள் ஏராளமானோர் அதில் பழகித்தான் வானில் ஏறினார்கள். கணினி வந்தபின் பெட்டி திரைக்குள் போயிற்று. ரஷ்யாவில் ஒலெக் மடொக்ஸின் குழு 2001இல் வெளியிட்ட 'ஐஎல்-2 ஸ்டூர்மோவிக்' இந்த வரிசையில் பெயர்பெற்றது. அதன் வழியில் 2004இல் வந்த 'பசிபிக் ஃபைற்றர்ஸ்' வால் விமானத்தில் உட்கார வைத்தது. 2011இல் வந்த 'கிளிஃப்ஸ் ஒஃப் டோவர்' பிளென்ஹைம் நாலாம் மாதிரியில் உட்கார வைத்தது. அன்று காலை நம் கடலில் பறந்த இரண்டு வகை விமானத்தையும் ஒரு மாணவன் வீட்டில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

என் தங்கையின் மகன் உயர்தரத்தில் பௌதிகப் பிரிவு படிக்கிறான். பிளென்ஹைமை எடுத்துக்கொண்டு கப்பல் தேடிப் போன புதிதில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்: "மாமா, கப்பலுக்கு நேரா மேல வந்துதானே உட்டன். குண்டு ஏன் அங்கால போய் உழுது?"

விடிகாலையில் பத்திரிகைக் கட்டுக் கொண்டுவரும் வான், கடை வாசலில் நிற்காது. ஓடும்போதே கட்டை வெளியே விடுவார்கள், கடைக்குச் சற்று முன்னாலேயே விடுவார்கள். கட்டுக்கு வானின் வேகம் உண்டு. கையை விட்டதும் அந்த வேகம் போய்விடாது. குண்டுக்கும் இதே கதைதான், எறியம் பாடத்தில் படிக்கும் அதே கணக்குத்தான். கிடையாகப் பறக்கும் விமானத்தின் வேகம் குண்டோடு கூடவே போகும். ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் தனித்தனியே நடக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 11,000 அடி என்பது 3,353 மீற்றர். வளித்தடையை விட்டுவிட்டால் விழும் நேரம், உயரத்தை இரண்டால் பெருக்கி 9.81ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும்: 26.1 செக்கன். தடையையும் சேர்த்தால் சற்றுக் கூடும். பிளென்ஹைம் மணிக்கு 200 மைல் கதியில் வந்தால் அது செக்கனுக்கு 89 மீற்றர். ஆக, குண்டு விழுந்து முடிவதற்குள் 2.3 கிலோமீற்றர் முன்னால் போய்விடும். கல்முனை நகர மத்தியிலிருந்து சாய்ந்தமருது ஊருக்குள் கால் வைக்கும் தூரம் அது. கல்முனையில் விட்ட குண்டு சாய்ந்தமருதில் விழும். குறிபார்ப்பவர் அந்தத் தூரத்துக்கு இப்பாலேயே, கப்பல் இன்னும் எட்டத்தில் இருக்கும்போதே, நெம்பைத் தட்ட வேண்டும்.

இதற்கென்று ஒரு குறிகாணிக் கருவி இருந்தது. முதலாம் உலக யுத்தக் காலத்தில் ஹரி விம்பெரிஸ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய அதன் வழிவந்த கருவிகளையே பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் 1942 வரையும் கொண்டுபோயின. உயரம், விமானத்தின் வேகம், காற்றின் திசை, காற்றின் வலு ஆகியவற்றை அதில் திருகி வைத்தால், எந்தக் கோணத்தில் இலக்குத் தெரியும்போது விட வேண்டும் என்று கம்பிகள் காட்டும். விமானம் ஆடாமல் அசையாமல் நேரே பறக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. போர்விமானங்கள் வாலில் ஏறிச் சுடும்போதும் அதே நிபந்தனைதான்.

மருமகன் அடுத்த முறை குறிகாணியை ஒழுங்காகத் திருகினான். அப்போதும் குண்டு கப்பலைத் தாண்டித்தான் விழுந்தது. வேகமானி காட்டியதை அப்படியே குறிகாணியில் போட்டிருந்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் அனேகமாக எல்லோரும் விடும் பிழை இது. இதற்குள் ஒரு அழகான பௌதிகம் இருக்கிறது.

விமானத்தின் வேகமானி சக்கரத்தின் சுற்றை எண்ணுவதில்லை. எதிர்ப்படும் வளி ஒரு குழாய்க்குள் மோதும் அமுக்கத்தைத்தான் அளக்கிறது. உயரம் போகப் போக வளி ஐதாகும். 11,000 அடியில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 72 வீதம்தான். வளி குறைந்தால் மோதலும் குறையும், முள்ளும் குறைத்தே காட்டும். உண்மையில் 200 மைல் கதியில் போகிறபோது முள் 169ஐ அண்டி நிற்கும். மீதி 31 மைல் கணக்கிலிருந்து காணாமற் போகிறது. செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். 26 செக்கனில் 360 மீற்றர். அவன் குண்டு விழுந்த இடத்துக்கும் கப்பலுக்கும் இடையில் இருந்த தண்ணீர் அவ்வளவும் ஐதான வளியின் வேலை. உயர்தரப் பாடத்தில் அடர்த்தியைப் படித்திருந்தவனுக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பிழை தீராது. அக்காகியின் நீளம் ஏறத்தாழ 260 மீற்றர், தளத்தின் அகலம் 30 மீற்றர் அளவு. நெம்பைத் தட்டுவதில் ஒரு செக்கன் பிந்தினால் 89 மீற்றர் போயிற்று. விமானம் ஒரேயொரு பாகை சரிந்திருந்தால் குறி 58 மீற்றர் விலகும். கப்பல் எத்தனை நொட் கதியில் போகிறது என்பதைக் கண்ணால்தான் மதிக்க வேண்டும்; ஐந்து நொட் தவறினால் 67 மீற்றர். காற்றைத் தவறாக எடுத்து, தரையைப் பொறுத்த வேகத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் பிழைத்தால் 130 மீற்றர். இதில் ஏதாவது ஒன்று போதும், 30 மீற்றர் அகலத் தளத்தைத் தவறவிட. நாலும் ஒருமிக்க நடந்தால் கேட்க வேண்டியதில்லை. 20 நொட் கதியில் ஓடும் அந்த அளவுக் கப்பல் 26 செக்கனில் தன் முழு நீளத்தையும் கடந்துவிடும். குண்டு விட்ட நேரத்தில் கப்பல் இருந்த இடத்தில், குண்டு வந்து சேரும்போது அலைதான் இருக்கும்.

இனி வால் விமானம். ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் தலைகுப்புறப் பாய்ந்து, 500 மீற்றரை அண்டிய உயரத்தில் 250 கிலோ குண்டை விட்டுவிட்டு மேலெழும்பும். அப்போது விமானத்தின் வேகம் செக்கனுக்கு 120 மீற்றருக்கு மேல். அந்த வேகத்தின் பெரும்பகுதி கீழ்நோக்கியே இருக்கிறது. குண்டு வெறுமனே விழுவதில்லை, எறியப்படுகிறது. விழும் நேரம் நாலு செக்கன். ஹேர்மிஸின் உச்சக் கதி 25 நொட். நாலு செக்கனில் அது 51 மீற்றர்தான் போகும். கப்பலின் நீளமோ 182 மீற்றர். எவ்வளவு திறமையான கப்பித்தான் சுக்கானைத் திருப்பினாலும், கப்பல் தன் நீளத்தின் மூன்றிலொரு பங்கைக்கூட விட்டு விலக முடியாது. மேலே சொன்ன பிழைகள் எல்லாம் இங்கேயும் உண்டு, ஆனால் 26ஆல் பெருகுவதற்குப் பதிலாக நாலால் பெருகுகின்றன.

ஹேர்மிஸின் நிலை வேறு வகையிலும் பரிதாபமானது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1924இல் சேவைக்கு வந்தது. ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. திருகோணமலைத் தாக்குதலுக்குத் தப்ப இரவோடிரவாகத் தெற்கே அனுப்பப்பட்டு, திரும்பி வரச் சொன்ன வழியில், ஹருனா போர்க்கப்பலின் உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. உதவிக்கு அனுப்பிய ஃபுல்மார் விமானங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தன. துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் அங்கேயே மூழ்கியது. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

நாலு செக்கனும் 26 செக்கனும் என்ற வித்தியாசம் இரண்டு மாதத்தில் எதிர்ப்பக்கமாகவும் திரும்பியது. 1942 ஜூன் 4இல் மிட்வே தீவருகே அமெரிக்கரின் பி-17 விமானங்கள் ஏறத்தாழ 20,000 அடி உயரத்திலிருந்து நகுமோவின் இதே படையின் மேல் குண்டு போட்டன. அந்த உயரத்தில் விழும் நேரம் 35 செக்கன். ஒன்றும் படவில்லை. அன்று பாய்ந்து தாக்கிய அமெரிக்க விமானங்களோ அக்காகி, சோர்யு, ஹிர்யு, காகா என்ற நாலையும் முடித்துவிட்டன. அவற்றில் முதல் மூன்றும் நம் கடலுக்கு வந்துபோன கப்பல்கள்.

இத்தனையும் சிமுலேட்டருக்குள் எப்படி நடக்கிறது? கணினிக்கு வளைகோடு தெரியாது. காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் மூன்று கேள்வி கேட்கும்: இப்போது என்ன விசை, அதனால் வேகம் எவ்வளவு மாறும், அந்த வேகத்தில் எவ்வளவு நகரும்? அடுத்த துண்டில் திரும்பவும் அதே மூன்று கேள்வி. விமானத்துக்கு உயர்த்தும் விசை, இழுவை, நிறை, எஞ்சினின் உந்தல் ஆகிய நான்கும். குண்டுக்கு நிறையும் வளித்தடையும். உயர்த்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். வேகத்தைப் பாதியாக்கினால் அது காலாகிவிடும். இறங்கும்போது அவசரப்பட்டு வேகத்தைக் குறைத்தவன் ஏன் திடீரென்று விழுகிறான் என்பதற்கு விடை அதுதான்.

காலத்துண்டு எவ்வளவு சிறிது என்பதில்தான் சிமுலேட்டரின் நேர்மை இருக்கிறது. ஒரு செக்கனை ஒரு துண்டாக எடுத்து, துண்டின் தொடக்கத்தில் இருந்த வேகத்தையே வைத்து மிக எளிய முறையில் கூட்டிப் போனால், நமது குண்டு 26.1 செக்கனில் விழாமல் 26.6 செக்கனில் விழும். துண்டின் பாதி அளவு பிழை எப்போதும் வந்து சேரும். அரைச் செக்கன்தானே என்று விட முடியாது: குண்டு 45 மீற்றர் கூடுதலாகப் போகும், அக்காகியின் தள அகலத்தை விட அது அதிகம். துண்டை ஐம்பதிலொரு செக்கனாக்கினால் அந்தப் பிழை ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும்.

சிமுலேட்டர் தர முடியாதவையும் உண்டு. முதலாவது கண். 1920 புள்ளி அகலமான திரையில் 90 பாகைக் காட்சியை விரித்தால் ஒரு பாகைக்குச் சராசரியாக 21 புள்ளி கிடைக்கும். 30 கிலோமீற்றர் தூரத்தில் பக்கவாட்டில் தெரியும் அக்காகி அரைப் பாகைதான். திரையில் பத்துப் புள்ளி. நல்ல கண்பார்வை ஒரு பாகையை அறுபதாகப் பிரித்துப் பார்க்கும். திரைக்கு முன்னால் இருப்பவர் மூன்று மடங்கு பார்வை குறைந்த விமானி. மறுபக்கம், அவருக்கு வரைபடத்தில் தன் விமானம் இருக்கும் இடம் காட்டப்படுகிறது. பிளென்ஹைமின் வழிகாட்டிக்கு அந்த வசதி இருக்கவில்லை. கடலுக்கு மேல் ஒரு மணி நேரம் பறக்கையில், அவர் அறியாத 20 மைல் குறுக்குக் காற்று அவரை 20 மைல் விலக்கிவிடும். ஐரோப்பாவில் இது எவ்வளவு மோசம் என்பதை 1941 ஓகஸ்டில் பட் அறிக்கை காட்டியது: இலக்கைத் தாக்கினோம் என்று திரும்பி வந்து சொன்ன பிரித்தானிய விமானங்களில் மூன்றிலொன்றுதான் இலக்குக்கு ஐந்து மைலுக்குள் போயிருந்தது.

இரண்டாவது உயிர். 'கம்பெய்ன்' என்ற தொடர்பயணத்தில் ஒரு விமானியின் பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்க வேண்டும். அணியில் செத்தவர்கள் அடுத்த பயணத்தில் இருக்கமாட்டார்கள். நீங்கள் செத்தால் ஆட்டம் முடியும். நன்றாகச் செய்யப்பட்ட கம்பெய்ன் நிகழ்தகவை மண்டையில் ஏற்றும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் ஒரு சுற்று என்பது 30 பயணம். பயணத்துக்கு நூற்றில் நாலு விமானம் மட்டுமே இழப்பு என்று வைத்தாலும், 0.96ஐ முப்பது தடவை பெருக்கினால் 0.29 வரும். பத்தில் மூன்று பேர்தான் சுற்றை முடிப்பார்கள். ஐந்து வீதமானால் பத்தில் இரண்டு. அந்தப் படையில் சேவை செய்த 125,000 பேரளவில் 55,573 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9இல் அந்த பிளென்ஹைம்களின் பதினோராம் அணிக்கு நடந்தது போல ஒன்பதில் ஐந்து இழப்பென்றால் மூன்றாவது பயணத்துக்குப் பிறகு நூற்றில் ஒன்பது பேர்கூட மிஞ்சமாட்டார்கள்.

ஆனால் எந்தக் கம்பெய்னும் குண்டு விழும் இடத்தில் நிற்கும் ஆளைக் காட்டுவதில்லை. கப்பல் ஒரு சாம்பல் உருவம், ஊர் ஒரு சதுரம், பட்டால் புள்ளி. நமது கரையில் உள்நாட்டு யுத்தத்தை நேரே கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வானத்தில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய தாய்மார் அவர்களில் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதை வெறும் விளையாட்டாக விளையாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 3,353 மீற்றர் உயரத்திலிருந்து விழும் குண்டு கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும் என்பதையும், அது எங்கே விழும் என்பதைப் போட்டவரே சில நூறு மீற்றருக்குள் சொல்ல முடியாது என்பதையும் கணக்காகப் படித்த பிள்ளைக்கு, 'இலக்கை மட்டும் தாக்கினோம்' என்று எந்த அரசு சொன்னாலும் கேள்வி கேட்கத் தெரியும். அந்த அறிவுக்காகவே இந்தச் சாதனத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. உயர்தர மாணவர்கள் ஒரு எக்செல் தாளைத் திறந்து நேரம், உயரம், கீழ்நோக்கிய வேகம், கிடைத்தூரம் என்று நாலு நிரல் போட்டால் பிளென்ஹைமின் குண்டை ஒரு மாலையில் விழுத்திப் பார்க்கலாம். முதலில் ஒரு செக்கன் துண்டு, பிறகு பத்திலொன்று. பிறகு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் வளித்தடை. பிறகு வால் விமானத்தின் சரிவு. ஃபிளைற்கியர் என்ற சிமுலேட்டர் இலவசமானது, அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது, நிலப்பரப்பையும் நாமே சேர்க்கலாம். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பொறியியல், விஞ்ஞான மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது: திருகோணமலையிலிருந்து பொத்துவில் வரையான நமது கரையை அதில் வரையுங்கள்; 1942 ஏப்ரல் 9இன் இரண்டு தாக்குதல்களையும் தமிழ் விளக்கத்தோடு அதில் அமையுங்கள்; ஹேர்மிஸின் 307 பேரையும் திரும்பாத ஐந்து பிளென்ஹைம்களின் விமானிகளையும் அந்த விளக்கத்தில் மறக்காமல் எழுதுங்கள். கல்முனைப் பாடசாலை ஒன்றில் அதை முதலில் ஓட்டிக் காட்டுங்கள்.